ஆர்எக்ஸ் 6600-ஆ, ஆர்டிஎக்ஸ் 3050-ஆ? கிராபிக்ஸ் கார்டு வாங்க ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குக் கிளம்பும் முன் எல்லாரும் கேட்கும் கேள்விகள்

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்து, காலேஜில் இடமும் கிடைத்த பிறகுதான் எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு என் ஞாபகம் வரும். இந்த முறை கொளத்தூரில் இருக்கும் தங்கை மகன் தொடங்கி வைத்தான். "மாமா, கேம் ஆட ரெண்டு கிராபிக்ஸ் கார்டு பார்த்து வெச்சிருக்கேன். ஸ்பெக் ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு. எதை வாங்கறது, சொல்லு" என்றான். அவன் அனுப்பிய படத்தில் ஒரு பக்கம் ஏஎம்டியின் ரேடியான் ஆர்எக்ஸ் 6600, மறுபக்கம் என்விடியாவின் ஜீஃபோர்ஸ் ஆர்டிஎக்ஸ் 3050. அப்புறம் அவன் நண்பர்கள், எங்கள் அபார்ட்மென்ட் பையன்கள், ஆபீசில் பக்கத்து சீட்டுக்காரர் என்று ஆளாளுக்கு அதே கேள்வி. போனில் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றியதால் உட்கார்ந்து எழுதிவிட்டேன்.

இரண்டுமே புதுச் சரக்கு இல்லை. 6600 வந்தது 2021 அக்டோபரில், 3050 வந்தது 2022 ஜனவரியில். ஆனாலும் கையைக் கடிக்காத விலையில் ஒரு கார்டு என்று தேடுகிறவர்கள் கடைசியில் வந்து நிற்பது இந்த இரண்டு பெயர்களில்தான். புதிதாகவும் கேட்கிறார்கள், செகண்ட் ஹேண்டிலும் கேட்கிறார்கள்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்க, எதை வாங்கலாம்?

கேம் மட்டும்தான் என்றால் 6600. வீடியோ எடிட்டிங், பிளெண்டர் என்ற 3டி மென்பொருள், பைத்தானில் ஏஐ பழகுவது இதெல்லாம் உண்டு என்றால் 3050, அதிலும் 8 ஜிபி மெமரி உள்ளது. எஸ்எம்பிஎஸ்ஸை, அதாவது கம்ப்யூட்டருக்குக் கரன்ட் தரும் பகுதியை, தொடவே முடியாத பழைய ஆபீஸ் பெட்டி என்றால் 3050-இன் 6 ஜிபி மாடல், அதன் கதை கீழே வருகிறது. அவசரக்காரர்கள் இத்தோடு கிளம்பலாம்.

காகிதத்தில் இரண்டுக்கும் என்னதான் வித்தியாசம்?

முதலில் ஒற்றுமையைச் சொல்கிறேன், குழப்பமே அங்கேதான். இரண்டிலும் 8 ஜிபி ஜிடிடிஆர் 6 மெமரி. இரண்டிலும் 128 பிட் பஸ் (சிப்புக்கும் மெமரிக்கும் நடுவே டேட்டா போகும் பாதையின் அகலம்), மெமரி வேகம் 14 ஜிபிபிஎஸ். 128-ஐ 14-ஆல் பெருக்கி 8-ஆல் வகுத்தால் நொடிக்கு 224 ஜிபி. இரண்டுக்கும் அதே விடை. மின்சாரம் 6600-க்கு 132 வாட், 3050-க்கு 130 வாட். மதர்போர்டில் கார்டைச் சொருகும் ஸ்லாட்டில் இரண்டும் பிசிஐஇ 4.0, எட்டு லேன், அதாவது டேட்டா போக எட்டுப் பாதை.

வேறுபடுவது சிப். அதில் கணக்குப் போடும் குட்டி அலகுகளை ஏஎம்டி ஸ்ட்ரீம் பிராசசர் என்கிறது, என்விடியா கூடா கோர் என்கிறது. 6600-இல் 1792 ஸ்ட்ரீம் பிராசசர்கள், அதிகபட்ச வேகம் 2491 மெகாஹெர்ட்ஸ். 3050-இல் 2560 கூடா கோர்கள், பூஸ்ட் வேகம் 1777 மெகாஹெர்ட்ஸ். முதலாவது டிஎஸ்எம்சியின் 7 நானோமீட்டரில் செய்தது, இரண்டாவது சாம்சங்கின் 8 நானோமீட்டரில். அறிமுக விலையில் 6600-க்கு 329 டாலர், 3050-க்கு 249 டாலர் என்று போட்டார்கள். அந்த வித்தியாசம் கடைத்தெருவில் நிலைக்கவில்லை. இங்கே வந்து சேர்ந்தபோது இரண்டும் தோளோடு தோள் உரசிக்கொண்டுதான் நின்றன. அதனால்தான் இந்தக் கேள்வியே பிறக்கிறது.

2560 பெரிதா, 1792 பெரிதா? டெராஃப்ளாப்ஸிலும் 3050 தானே மேலே இருக்கு?

கணக்கு சரிதான். டெராஃப்ளாப்ஸ் என்றால் நொடிக்கு எத்தனை லட்சம் கோடி தசமக் கணக்கு போடும் என்பது. கோர் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி, வேகத்தால் பெருக்கினால் 3050-க்கு 9.1 டெராஃப்ளாப்ஸ், 6600-க்கு 8.9. ஆனால் 1080பி-யில், அதாவது ஃபுல் எச்டி திரையில், கேம் ஓட்டிப் பார்த்தால் 6600 கால் பங்கு, சில கேம்களில் அதற்கும் மேலே முன்னால் நிற்கிறது. தங்கை மகன் இதை நம்பவே இல்லை. "அப்போ கம்பெனிக்காரன் பொய் சொல்றானா மாமா?" என்றான்.

பொய் இல்லை, எண்ணும் முறை அப்படி. ஒரு ஓட்டலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஓட்டலில் பத்து புரோட்டா மாஸ்டர்கள், பத்துப் பேரும் கல்லை விட்டு நகர மாட்டார்கள். இன்னொன்றில் பதினாலு பேர், ஆனால் அதில் ஏழு பேர் கூட்டம் வந்தால் கல்லாவிலும் உட்கார வேண்டும். போர்டில் "14 மாஸ்டர்கள்" என்று எழுதியிருப்பார்கள், எழுதியது தவறும் இல்லை. ராத்திரி எட்டு மணிக்குப் போனால்தான் கல்லில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று தெரியும்.

3050 செய்யப்பட்ட ஆம்பியர் வடிவமைப்பில் ஒவ்வொரு பகுதியிலும் 128 கோர்கள். அதில் 64 கோர்கள் தசமக் கணக்கு மட்டும் போடும். மீதி 64 கோர்கள் தசமக் கணக்கோ முழு எண் கணக்கோ, அந்த நேரத்தில் ஏதாவது ஒன்றைத்தான் போடும். கேம்களில் இரண்டு வகைக் கணக்கும் கலந்தே வருகிறது. அப்படி வரும்போது அந்த இரண்டாவது 64-இல் ஒரு பங்கு கல்லாவுக்குப் போய்விடுகிறது. முந்தைய டூரிங் தலைமுறையில் இந்த மாதிரிப் பகுதிக்கு 64 என்றுதான் எண்ணினார்கள். ஆம்பியரில் இரண்டையும் சேர்த்து எண்ணியதால் பெட்டியில் எண் இரட்டிப்பாகிவிட்டது, வேகம் அந்த அளவுக்கு இரட்டிப்பாகவில்லை.

இன்னொரு எண்ணையும் யாரும் பார்ப்பதில்லை. கடைசியில் பிக்சலைத் திரையில் எழுதும் பகுதிக்கு ஆர்ஓபி என்று பெயர். 6600-இல் அது 64, 3050-இல் 32. வேகமும் சேர்ந்தால் 6600 நொடிக்கு 159 கிகாபிக்சல் எழுத முடியும், 3050 சுமார் 57. இது மூன்று மடங்கு வித்தியாசம் என்றாலும் கேமில் மூன்று மடங்கு வேகம் வராது, ஏனென்றால் எல்லா வேலையும் அங்கே நிற்பதில்லை. ஆனால் டெராஃப்ளாப்ஸ் வரியை மட்டும் பார்த்துவிட்டு முடிவு கட்டுகிறவருக்கு இந்த வரி கண்ணிலேயே படாது.

சரி, மெமரி வேகம் இரண்டுக்கும் 224 தானே? அதிலாவது சமம் இல்லையா?

அதிலும் இல்லை. 6600-இன் சிப்புக்குள்ளேயே 32 எம்பி கேஷ், அதாவது அடிக்கடி வேண்டிய டேட்டாவைக் கையருகே வைத்துக்கொள்ளும் குட்டி மெமரி, இருக்கிறது. ஏஎம்டி இதை இன்ஃபினிட்டி கேஷ் என்கிறது. 3050-இல் எல்2 கேஷ் 2 எம்பி.

அடுப்புப் பக்கத்தில் அஞ்சறைப்பெட்டி இருப்பதற்கும், ஒவ்வொரு தடவை கடுகு தாளிக்கும்போதும் ஸ்டோர் ரூமுக்கு நடப்பதற்கும் உள்ள வித்தியாசம் இது. ஸ்டோர் ரூம் கதவு இரண்டு வீட்டிலும் ஒரே அகலம்தான், 224. ஆனால் ஒரு வீட்டில் பாதித் தடவை அந்தக் கதவுக்குப் போகவே வேண்டியதில்லை. 1080பி-யில் இந்த 32 எம்பி நன்றாகவே கைகொடுக்கும். 1440பி, 4கே என்று திரை பெரிதாகப் பெரிதாக அஞ்சறைப்பெட்டி போதாமல் போய், 6600-உம் ஸ்டோர் ரூமுக்கு நடக்கத் தொடங்கும். 4கே மானிட்டர் வைத்துக்கொண்டு இந்த இரண்டில் எது என்று கேட்டவரிடம் நான் இரண்டும் வேண்டாம் என்றேன். கொஞ்சம் கோபித்துக்கொண்டார்.

அப்படின்னா ஸ்பெக்கைப் பார்ப்பதே வேஸ்டா?

ஒரே குடும்பத்துக்குள் பார்த்தால் வேஸ்ட் இல்லை. 3050 8 ஜிபியையும் 3050 6 ஜிபியையும் பக்கத்தில் வைத்தால் எண்கள் உண்மையே பேசும். குடும்பம் மாறினாலோ தலைமுறை மாறினாலோ எண்ணை எண்ணோடு ஒப்பிடக் கூடாது.

இதற்கு என்விடியாவிலிருந்தே உதாரணம் காட்டலாம். 2025-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 5050-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கூடா கோர்கள் 2560. மெமரி 8 ஜிபி. பஸ் 128 பிட். மின்சாரம் 130 வாட். இந்த நாலு வரியும் 3050-இன் நாலு வரிதான், ஒரு எண்கூட மாறவில்லை. அறிமுக விலைகூட அதே 249 டாலர். ஆனால் அது ஓடும் வேகம் எங்கேயோ இருக்கிறது. கடிகாரம் 2.57 கிகாஹெர்ட்ஸ், மெமரி நொடிக்கு 320 ஜிபி, உள்ளே கேஷும் பெரிது.

கடையில் 3050 மட்டும் ஒன்று மலிவா கொடுக்கறாங்களே?

நில்லுங்கள். இந்தக் கேள்விக்காகத்தான் பாதிப் பேருக்கு நான் போன் எடுத்ததே.

2024 பிப்ரவரியில் என்விடியா 3050 என்ற அதே பெயரில் இன்னொரு கார்டை இறக்கியது. அதில் மெமரி 6 ஜிபி. மெமரி மட்டும் குறைந்தது என்று நினைத்தால் ஏமாந்தோம். கோர்கள் 2304. பஸ் 96 பிட், அதனால் மெமரி வேகம் 168 ஜிபியாக இறங்கிவிட்டது. பூஸ்ட் வேகம் 1470 மெகாஹெர்ட்ஸ். மின்சாரம் 70 வாட். கேமில் 8 ஜிபி 3050-ஐ விட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மந்தம். அந்த 8 ஜிபியே 6600-க்குப் பின்னால்தான் நிற்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

எங்கள் அபார்ட்மென்ட் பையன் ஒருவனோடு போனபோது நடந்தது இது. கவுன்ட்டரில் இருந்தவர் பெட்டியைத் தூக்கி வைத்து, "3050 தான் சார், ஃப்ரெஷ் ஸ்டாக்" என்றார். முன்பக்கம் முழுக்க விசிறிப் படமும் பெரிய எழுத்தில் 3050-உம். "8 ஜிபியா அண்ணா?" என்று பையன் கேட்டான். "எல்லாம் ஒண்ணுதான் தம்பி, கேமுக்குப் போதும்" என்று பதில். பெட்டியின் ஓரத்தில், பார்கோடு ஒட்டியிருக்கும் பக்கம், பொடி எழுத்தில் மாடல் நம்பர். அதன் நடுவில் 6ஜி என்று இருந்தது. நான் அதன்மேல் விரலை வைத்தேன். அவர் ஒன்றும் பேசாமல் பெட்டியை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, டீ சொல்லட்டுமா என்றார்.

அவர் திருடர் இல்லை, விற்கிற பொருளைத்தான் விற்றார். பெயர் வைத்தவர்கள் அப்படி வைத்துவிட்டார்கள். பெட்டியின் ஓரத்தைப் படியுங்கள், பில்லிலும் "8 ஜிபி" என்று எழுதி வாங்குங்கள்.

அப்போ 6 ஜிபி கார்டு குப்பையா?

இல்லை. சொல்லப்போனால் அதற்கென்றே ஒரு வீடு இருக்கிறது. கம்பெனிகள் கழித்துவிட்ட ஆபீஸ் கம்ப்யூட்டர்கள், நாலாவது ஆறாவது தலைமுறை ஐ5 பெட்டிகள், சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டில் அடுக்கி வைத்திருப்பார்கள். அவற்றின் எஸ்எம்பிஎஸ் அந்தக் கம்பெனிக்கே உரிய வடிவம், சக்தியும் குறைவு, கார்டுக்கு என்று தனி வயரே வராது. மதர்போர்டு ஸ்லாட்டே 75 வாட் தரும். 6 ஜிபி 3050-க்கு 70 போதும், பெரும்பாலான மாடல்களில் தனி வயர் இல்லாமலே ஓடிவிடும். சிறிய பெட்டி என்றால் உயரம் குறைந்த லோ புரொஃபைல் மாடல் இருக்கிறதா என்று கேளுங்கள்.

தனி வயர் இல்லைன்னா கன்வெர்ட்டர் போட்டு 6600 மாட்டலாமே?

சாட்டா வயரிலிருந்து 8 பின் எடுக்கும் கன்வெர்ட்டரைத்தானே சொல்கிறீர்கள்? வேண்டவே வேண்டாம். சாட்டா பவர் கனெக்டரில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின், ஒவ்வொன்றும் ஒன்றரை ஆம்பியர். மொத்தம் 54 வாட். 8 பின் கனெக்டர் 150 வாட்டுக்கு வடிவமைத்தது. ஹார்ட் டிஸ்க்குக்கு நேர்ந்துவிட்ட வயரில் கார்டை இழுத்தால் என்ன ஆகும் என்பதை ஒரு நண்பர் வீட்டில் பார்த்தேன், பார்ப்பதற்கு முன் மூக்குதான் சொன்னது. வெள்ளை பிளாஸ்டிக் தேன் நிறத்தில் உருகி, பின் இரண்டு உள்ளே ஒட்டிக்கொண்டு வெளியே வரவில்லை. கார்டு பிழைத்தது அவர் முன்னோர் செய்த புண்ணியம்.

என் எஸ்எம்பிஎஸ் 450 வாட். போதுமா?

6600-க்கு ஏஎம்டி சொல்வது 450 வாட். 3050 8 ஜிபிக்கு என்விடியா சொல்வது 550. இரண்டு கார்டும் இழுப்பது ஒரே அளவு என்று மேலே பார்த்தோம், அப்புறம் ஏன் இந்த நூறு வாட் வித்தியாசம் என்றால் என்விடியா கொஞ்சம் தாராளமாகச் சொல்லியிருக்கிறது, அவ்வளவுதான். கார்டு 132, ஒரு சாதாரண ஐ5 அல்லது ரைசன் 5 எண்பது சொச்சம், மற்றதெல்லாம் சேர்த்து ஐம்பது என்று வைத்தாலும் 270-ஐத் தாண்டாது.

ஆனால் 450 என்று ஸ்டிக்கர் ஒட்டியதெல்லாம் 450 இல்லை. கேபினட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்ஸைக் கையில் எடுத்துப் பாருங்கள். எடையே இருக்காது. பக்கவாட்டு ஸ்டிக்கரில் 12 வோல்ட் வரியில் எத்தனை ஆம்பியர் என்று பார்த்து 12-ஆல் பெருக்குங்கள். 30 ஆம்பியர் என்றால் 360 வாட். மின்சாரத்தை அதிகம் வீணாக்காததற்கான 80 பிளஸ் முத்திரை, 8 பின் வயர் இரண்டும் உள்ளதாக வாங்குங்கள். கார்டில் மிச்சம் பிடிக்காதீர்கள் என்று யாராவது சொன்னால் நான், எஸ்எம்பிஎஸ்ஸில் பிடிக்காதீர்கள் என்பேன்.

யுபிஎஸ்?

வீட்டில் இருக்கும் 600 விஏ யுபிஎஸ் ஏறக்குறைய 360 வாட் தாங்கும். கரன்ட் போனதும் கேமை சேவ் செய்து அணைக்க அது போதும். ஆட்டத்தை முடித்துவிட்டு அணைக்கலாம் என்று உட்கார்ந்தால் அது முடிவு செய்துவிடும்.

கரன்ட் பில் எகிறுமா?

தினம் மூன்று மணி நேரம் ஆடினால் கார்டுக்கு மட்டும் 0.4 யூனிட், இரண்டு மாத பில்லில் சுமார் 24 யூனிட். முழு கம்ப்யூட்டருக்கு 45 வரும். ஏசி ஓடும் வீட்டில் இது கண்ணுக்கே தெரியாது. ஏற்கெனவே 500 யூனிட் விளிம்பில் நிற்கிற வீடு என்றால் மட்டும் அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், தாண்டினால் ஸ்லாப் மாறும்.

சென்னை வெயிலுக்கு எது தாங்கும்?

ஒரே வாட், ஒரே சூடு. விசிறி அறைக் காற்றைத்தான் ஊதுகிறது. 25 டிகிரி ஏசி அறையில் 68 டிகிரியில் ஓடும் கார்டு, கத்திரி வெயிலில் 36 டிகிரி அறையில் 79-ஐத் தொடும். கூட்டல் கணக்கு. 3050-க்கு என்விடியா சொல்லும் உச்சம் 93 டிகிரி, ஏஎம்டி சிப்பின் மிகச் சூடான புள்ளிக்கு 110 வரை இடம் தருகிறது. ஆகவே 80-ஐப் பார்த்துப் பதற வேண்டாம். ஒற்றை விசிறி மாடலைத் தவிர்த்து இரட்டை விசிறி வாங்குங்கள். முன்பக்கம் கண்ணாடி போட்டு அடைத்த கேபினட் பார்க்க ஜோர், மே மாதத்தில் அடுப்பு.

வெப்பத்தை விட எனக்கு பயம் உப்புக் காற்று. பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் ஜன்னல் திறந்து வைத்த அறைகளில் கார்டின் பின் தகட்டில் துரு பூத்துப் பார்த்திருக்கிறேன். ஜன்னலுக்கு நேரே பெட்டியை வைக்காதீர்கள்.

என் மதர்போர்டு பழசு, பிசிஐஇ 3.0. வேகம் பாதி ஆகிவிடுமா?

ஆகாது. கார்டைத் திருப்பிப் பாருங்கள். தங்கப் பற்கள் ஸ்லாட் முழுவதற்கும் இருந்தாலும் வேலை செய்வது எட்டு லேன்தான். 4.0-இல் எட்டு லேன் என்றால் நொடிக்கு 16 ஜிபி, 3.0-இல் 8 ஜிபி. 8 ஜிபி மெமரி உள்ள கார்டில் பெரும்பாலான கேம்களுக்கு வேண்டியது உள்ளேயே இருக்கும், அடிக்கடி வெளியே போகாது. இழப்பு சில சதவீதம். இரண்டாம் தலைமுறை ஐ5 வைத்து 2.0-இல் ஓட்டுகிறவர்கள் கார்டுக்கு முன் கம்ப்யூட்டரை மாற்றட்டும்.

இந்த லேன் விஷயத்தில் உண்மையிலேயே அடிவாங்குவது ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி. அதில் நாலு லேன், 4 ஜிபி மெமரி, 64 பிட் பஸ். போதாததற்கு வீடியோவைச் சுருக்கிப் பதியும் என்கோடரே கிடையாது. ஆட்டத்தை ரெக்கார்டு செய்ய நினைத்தால் பாரம் முழுக்க சிபியு தலையில். பெயரில் 6600-க்குத் தம்பி மாதிரி இருப்பதால் "கொஞ்சம் குறைந்த 6600" என்று நினைத்து வாங்கி வந்துவிடுகிறார்கள்.

ரே டிரேசிங், டிஎல்எஸ்எஸ் எல்லாம் 3050-இல் தானே நல்லா இருக்கும்?

ஒளி, நிழல், பிரதிபலிப்பை நிஜம்போல் கணக்கிட்டு வரையும் ரே டிரேசிங்கை மறந்துவிடுங்கள். 3050 அதில் திறமைசாலிதான், ஆனால் அதை ஆன் செய்தபின் கேம் ஸ்லைடு ஷோ ஆகிறது. 6600-உம் அப்படியே.

சின்னதாக வரைந்த படத்தை ஏஐ வைத்துப் பெரிதாக்கும் டிஎல்எஸ்எஸ் வேறு கதை. இதில் 3050-க்கு நியாயம் செய்ய வேண்டும். 1080பி-யில் குவாலிட்டி என்று வைத்தால் கார்டு உள்ளே வரைவது 720பி படம், அதைப் பெரிதாக்கித் திரைக்குத் தருகிறது. அவ்வளவு சின்ன படத்திலிருந்து பெரிதாக்கும்போது அதே வேலை செய்யும் ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர், மரக்கிளை, கம்பி வேலி, தலைமுடி மாதிரி இடங்களில் நடுங்குகிறது. டிஎல்எஸ்எஸ் அங்கே நிதானமாக இருக்கிறது. எஃப்எஸ்ஆர் இரண்டு கார்டிலும் ஓடும், டிஎல்எஸ்எஸ் 3050-இல் மட்டும். ஆனால் இரண்டு ஃப்ரேம்களுக்கு நடுவே புதிதாக ஒன்றைச் செருகும் டிஎல்எஸ்எஸ்ஸின் ஃப்ரேம் ஜெனரேஷன் ஆர்டிஎக்ஸ் 40 வரிசையில் தொடங்குகிறது, 3050-க்கு இல்லை. கடையில் இருக்கு என்று சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

படம் பெரிதாக்காமலே 6600 கூடுதல் ஃப்ரேம் தருவதால் என் ஓட்டு அங்கேயேதான். ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் எதிர்க்கட்சிக்காரர்களோடு நான் சண்டைக்குப் போக மாட்டேன்.

கல்யாண வீடியோ எடிட் செய்கிறேன். எனக்கு?

3050 8 ஜிபி. எடிட்டிங், ரெண்டரிங், ஏஐ மென்பொருள்களில் பலவும் என்விடியாவின் கூடா தொழில்நுட்பத்தை மனதில் வைத்தே வளர்ந்தவை. பிளெண்டரில் ஏஎம்டிக்கு எச்ஐபி வழி உண்டு, என்விடியாவின் ஆப்டிக்ஸ் அதை விட வேகம். லைவ் போடுகிறவர்களுக்கும் எச்.264 வீடியோ வடிவத்தில் என்விடியாவின் என்கோடர் தரும் படம் சுத்தம். ஏவி1 என்ற இன்னொரு வடிவ வீடியோவை இரண்டும் ஓட்டும், இரண்டாலும் ஏவி1-ஆக என்கோடு செய்ய முடியாது. கேமில் 6600 ஜெயிக்கிறது என்பதற்காக எடிட்டர்களிடமும் அதையே திணிக்கிறவர்களைப் பார்க்கிறேன். பைத்தானில் ஏஐ பயிற்சி செய்யும் மாணவர்களுக்கும் விண்டோஸில் 6600 தலைவலிதான்.

நான் வாலரன்ட் மட்டும்தான் ஆடுவேன்.

அப்படியானால் இரண்டுமே அதிகம். அந்த கேம் சிபியுவைத்தான் சாப்பிடும். மிச்சப் பணத்தில் நல்ல ரிஃப்ரெஷ் ரேட் உள்ள மானிட்டர் வாங்குங்கள்.

கார்டு மாட்டியாச்சு, எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃப்ரேம்) ஏறவே இல்லை. கார்டு கோளாறா?

மானிட்டர் வயர் எங்கே சொருகியிருக்கிறது? பெட்டிக்குப் பின்னால் மேலே, யுஎஸ்பி ஓட்டைகளுக்குப் பக்கத்தில் நின்றபடி இருக்கும் எச்டிஎம்ஐ மதர்போர்டுடையது. கீழே படுத்தபடி இருக்கும் வரிசைதான் கார்டுடையது. தங்கை மகன் ஒரு வாரம் முழுக்க டிரைவரை அழித்து அழித்துப் போட்டான், விண்டோஸை மாற்றினான், கடைசியில் என்னை வரவழைத்தான். நான் போய்ச் செய்தது வயரை நாலு விரற்கடை கீழே இறக்கியதுதான். தங்கச்சி கையால் பில்டர் காபி கிடைத்தது.

பழைய விஜிஏ மானிட்டர் வேலை செய்யுமா?

இரண்டு கார்டிலும் விஜிஏ கிடையாது, எச்டிஎம்ஐ-உம் டிஸ்ப்ளே போர்ட்டும்தான். கன்வெர்ட்டர் போட்டால் படம் வரும்.

செகண்ட் ஹேண்டில் வாங்கலாமா?

வாங்கலாம், கண்ணைத் திறந்துகொண்டு. 6600 மின்சாரம் குறைவாகக் குடிப்பதால் கிரிப்டோ மைனிங் ஆட்கள் அதை மூட்டை மூட்டையாக வாங்கினார்கள். 2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் மைனிங்கைக் கைவிட்டதும் அவை சந்தைக்கு வந்தன. மைனிங் செய்த கார்டு என்றாலே விஷம் என்று சொல்ல மாட்டேன். இரவும் பகலும் ஓடியதில் முதலில் தேய்வது விசிறி. விசிறியை விரலால் மெதுவாகச் சுற்றிவிடுங்கள். ஆடாமல், உரசல் சத்தம் இல்லாமல் நிற்க வேண்டும்.

சென்னைக்காரர்களுக்கு இன்னொரு சோதனை உண்டு. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் தரைத்தளத்தில் எத்தனை கம்ப்யூட்டர் மிதந்திருக்கும் என்று யோசியுங்கள். அவற்றில் சில, காயவைத்துத் துடைத்து விற்பனைக்கு வந்திருக்கும். தகட்டைப் பிடிக்கும் ஸ்க்ரூக்களின் தலை, ஹீட் சிங்க் அலுமினியத் தகடுகளின் அடி, எச்டிஎம்ஐ ஓட்டையின் உள்சுவர், இந்த மூன்று இடத்திலும் மொபைல் டார்ச் அடித்துப் பாருங்கள். பச்சையோ வெள்ளைத் தூளோ தெரிந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். துடைக்கிறவர்கள் மேலே துடைப்பார்கள், அங்கே துடைக்க மாட்டார்கள்.

பிறகு ஓட வைத்துப் பாருங்கள். ஜிபியு-இசட் என்ற சின்ன மென்பொருளைப் பென் டிரைவில் எடுத்துப் போங்கள். 6600 என்றால் 1792, 3050 8 ஜிபி என்றால் 2560 காட்ட வேண்டும். போலிக் கார்டு என்றால் ஃபேக் என்றே எழுதிக் காட்டிவிடும். "ஆர்எக்ஸ் 580 2048எஸ்பி" என்று மலிவாக ஒன்று சுற்றிக்கொண்டிருக்கிறது. உண்மையான 580-இல் 2304 இருக்க வேண்டும். 2048 என்பது 570-இன் கணக்கு. அப்புறம் ஒரு பத்து நிமிடம், கார்டை முழுப் பாரத்தில் சோதிக்கும் ஃபர்மார்க் மென்பொருள் ஓடட்டும். விற்பவர் அவசரப்படுத்தினால் உங்களுக்கும் வேறு வேலை இருக்கிறது என்று கிளம்பிவிடுங்கள்.

இந்த இரண்டை விட்டால்?

புதிதாகவே வாங்கப் பணம் இருந்தால் மேலே சொன்ன 5050. இல்லையென்றால் 2023-இல் வந்த ஆர்எக்ஸ் 7600, அது 165 வாட். இன்டெல்லின் ஆர்க் பி580-இல் 12 ஜிபி மெமரி, 192 பிட் பஸ், நொடிக்கு 456 ஜிபி. ஸ்பெக்கைப் பார்த்தால் வாய் ஊறும். ஆனால் அதற்கு ரீசைசபிள் பார் என்ற வசதி மதர்போர்டில் இருந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் வேகம் விழுந்துவிடும். பழைய பெட்டிக்காரர்களுக்கு ஒத்து வராது. சிபியு மெலிந்ததாக இருந்தாலும் அது தடுமாறுகிறது.

ஆன்லைனா, ரிச்சி ஸ்ட்ரீட்டா?

இரண்டிலும் விலை பாருங்கள். கடையில் சொல்லும் விலையில் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்ததா என்று முதலிலேயே கேளுங்கள், பேரமெல்லாம் முடிந்த பிறகு "பில் வேணும்னா தனி சார்" என்பார்கள். பில் இல்லாமல் வாங்காதீர்கள், வாரன்டி பெரும்பாலும் மூன்று வருஷம், அதற்கு ஆதாரம் அந்தக் காகிதம்தான். பில்லில் சீரியல் நம்பர் இருக்கிறதா, அது கார்டின் முதுகில் ஒட்டியிருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று கடையிலேயே சரிபாருங்கள்.

அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி நடந்துவிடலாம், வண்டி எடுத்துப் போனால் நிறுத்த இடம் தேடியே பொழுது போய்விடும். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான ஷட்டர்கள் கீழேதான் இருக்கும். முதல் கடையிலேயே வாங்கிவிடாமல் நரசிங்கபுரம் தெரு வரை ஒரு சுற்று போய், மூன்று விலை கேட்டுவிட்டுத் திரும்புங்கள். தங்கை மகன் போன சனிக்கிழமை அப்படித்தான் போனான். 6600 கையில் வந்துவிட்டது. இப்போது அவன் அனுப்பியிருக்கும் படத்தில் இரண்டு மானிட்டர்கள் பக்கம் பக்கமாக நிற்கின்றன.